அலைனர் பாதியில் இருக்கும்போது இன்னொரு டாக்டரிடம் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

அலைனர் (பல்லை வரிசைப்படுத்த மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை) போட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டர் மேல் சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். எனக்கு வந்தது, இன்னொரு டாக்டரிடம் போனேன். நான் தேடிய சமயத்தில் தமிழில் கிடைத்ததெல்லாம் விளம்பரம்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

ஊர் கோயம்புத்தூர். மேல்வரிசையில் பல் நெருக்கம், வலது கோரைப்பல் திரும்பி வெளியே தள்ளி நிற்கும். சின்ன வயதில் கிளிப் போட வசதியில்லை, வேலைக்கு வந்த பிறகு சேர்த்து வைத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக், அம்மாவுக்கு ரூட் கெனால் செய்தவர், பல வருஷப் பழக்கம். ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் பல் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையாவதைக் காட்டினார்கள். பல் மேல் சின்னச் சின்னப் புடைப்புகள் ஒட்டினார்கள், சில இடங்களில் பல்லுக்கு நடுவே ஸ்ட்ரிப் போட்டு லேசாகத் தேய்த்தார்கள். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும் என்றார்கள், போட்டேன். சாப்பிடவும் பல் துலக்கவும்தான் கழற்றினேன்.

சந்தேகம் ஆரம்பித்தது அந்தக் கோரைப்பல்லில். மற்ற பல்லெல்லாம் ட்ரேக்குள் (கட்டம் கட்டமாக மாற்றும் அலைனர் உறையைத்தான் ட்ரே என்கிறேன்) கச்சிதமாக உட்கார, இந்த ஒரு பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது. காட்டினால், "அடுத்த ட்ரேல சரியாயிடும்மா" என்பார். சியூவி என்று ரப்பர் உருளை மாதிரி ஒன்று தருவார்களே, அதைக் கடித்துக்கொண்டே டிவி பார்ப்பேன். சரியாகவில்லை, ட்ரே மாற மாற இடைவெளி கூடியது. காரணம் பின்னால்தான் புரிந்தது. ஒரு ட்ரே பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒரு பல் பின்தங்கிவிட்டாலும் அடுத்த ட்ரே அது நகர்ந்துவிட்டது என்ற கணக்கிலேயே செய்யப்பட்டிருக்கும். அதிலும் கோரைப்பல்லுக்கு வாயிலேயே நீளமான வேர், உருண்டையான வடிவம். அதைத் திருப்புவதற்கு பிளாஸ்டிக்குக்குச் சரியான பிடிமானம் கிடைப்பதில்லை.

அப்புறம் கடவாய்ப்பல். ட்ரேயைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் முன்பல் மோதுகிறது, பின்பல் சேரவில்லை. தோசை, சாதம் சாப்பிடும்போது இது தெரியாது. சுண்டல் வாயில் போட்டால் இரண்டு பக்கமும் கொண்டைக்கடலை உருண்டு உருண்டு நழுவும், கீரைத்தண்டு நசுங்காமல் முழுசாகவே உள்ளே போகும். இதைச் சொன்னதற்கு, "ட்ரே எல்லாம் முடிஞ்சா தானா செட்டாயிடும்" என்றார். அது பொய்யில்லை. நாள் முழுக்க இரண்டு தாடைக்கு நடுவே பிளாஸ்டிக் இருப்பதால் கடவாய்ப்பல் கொஞ்சம் உள்ளே அழுந்திவிடும், சிகிச்சை முடிந்ததும் பலருக்கும் திரும்ப இறங்கிச் சேர்ந்துவிடும். ஆனால் முன்பல் முந்திக்கொண்டு மோதுவதாலும் பின்பல் சேராமல் போகலாம், அது தானாகச் சரியாகாது. எனக்கு இருப்பது எது என்று வாயைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? என் கோபம் அதுதான். பல் நகரவில்லை என்பதற்காக நான் சந்தேகப்படவில்லை, அலைனரில் அது சகஜம். அவர் பார்க்கவில்லை. உதவியாளர் அடுத்த பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார், டாக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்.

அம்மாவுக்கு நான் இன்னொரு இடத்துக்குப் போவதில் இஷ்டமில்லை. "தெரிஞ்ச மனுஷன், மனசு சங்கடப்படுவார்" என்றார். இந்தத் தயக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் இருக்கிறது. 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையும், நம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படித்த பிறகுதான் எனக்கும் தைரியம் வந்தது.

கிளினிக்கில் நேராகவே கேட்டேன்: ஓபிஜி எக்ஸ்ரே (எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரிவது), பக்கவாட்டு முக எக்ஸ்ரே, சிகிச்சைக்கு முன் எடுத்த போட்டோக்கள், பல் ஸ்கேனின் முப்பரிமாண ஃபைல் (எஸ்டிஎல்), எந்தப் பல்லுக்கு நடுவே எவ்வளவு தேய்த்தார்கள் என்ற விவரத்தோடு சிகிச்சைத் திட்டம். ஸ்கேன் ஃபைல் கம்பெனியிடம் இருக்கிறது, தர முடியாது என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். வாட்ஸாப்பில் எழுதிக் கேட்டேன், வந்துவிட்டது. எதையுமே எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சுக்கும் எழுத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது டாக்டரைத் தேடும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். பல் சீரமைப்பில் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பு முடித்தவராக இருக்க வேண்டும். பல் மருத்துவப் பட்டமான பிடிஎஸ் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்து வருஷம், அதற்கு மேல் மூன்று வருஷம் இதை மட்டுமே படித்துவிட்டு வருகிறார்கள். பிடிஎஸ் முடித்தவர்களும் அலைனர் போடுகிறார்கள், நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு, ஆனால் சிக்கல் வந்த பிறகு பார்க்கப் போகிறோம் என்றால் இந்தப் படிப்பு அவசியம் என்பது என் எண்ணம். அப்படி ஒரு மேடத்திடம் போனேன். முதல் டாக்டரின் பெயரை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் முதலில் எக்ஸ்ரேயைக்கூடப் பார்க்கவில்லை. நீல நிறத்தில் மெல்லிய தாள் ஒன்றைப் பல்லுக்கு நடுவே வைத்து, "டொக் டொக்குனு கடிங்க" என்றார். பிறகு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்துக் காட்டினார். முன்பல் உட்பக்கம் அடர்நீலப் புள்ளிகள், கடவாய்ப்பல் வெள்ளையாகவே இருந்தது. அடுத்து மெல்லிய பட்டை ஒன்றைக் கடவாய்ப்பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்தார், எந்தத் தடையும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்துவிட்டது. ரொம்ப நாளாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தத் தாள் ஒரு நிமிஷத்தில் காட்டிவிட்டது. அதன் பிறகுதான் எக்ஸ்ரே, ஈறு, திட்டம் எல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"பிளான் மோசமில்லைங்க. அந்தக் கோரைப்பல்லை ரொம்ப வேகமாத் திருப்ப நினைச்சிருக்காங்க, அதுக்குப் புடைப்பு பத்தல. அடுத்த ட்ரேக்குப் போகாம நிறுத்திட்டு, புதுசா ஸ்கேன் எடுத்து ரீஃபைன்மென்ட் பண்ணணும், அதாவது பிளானைத் திருத்திப் புது ட்ரே செய்யணும். கோரைப்பல்லுல ஒரு பட்டன் ஒட்டி எலாஸ்டிக் போட்டா திரும்பும். முன்பல் மோதறதையும் புது பிளான்ல சரி பண்ணணும்" என்றார். நான் உடனே, அப்படியென்றால் உங்களிடமே மாறிவிடவா என்று கேட்டேன். "இதை உங்க டாக்டரே செய்யலாம். முதல்ல அவர்கிட்டப் போய்க் கேளுங்க, முடியாதுன்னா வாங்க" என்றார். நூறு விளம்பரத்தில் வராத நம்பிக்கை எனக்கு அந்த ஒரு பேச்சில் வந்தது.

முதல் டாக்டரிடம் போய், பின்பல் கடியைத் தாள் வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். யார் சொன்னது என்று கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனாலும் பார்த்தார். பார்த்த பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது. வாரம் ஒருமுறை அங்கே வரும் எம்டிஎஸ் டாக்டரிடம் என்னைக் காட்டினார்கள், ரீஸ்கேன் எடுத்தார்கள், நான் கட்டிய பணத்திலேயே ரீஃபைன்மென்ட் அடக்கம் என்பதால் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. கட்டணத்தில் ரீஃபைன்மென்ட் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இப்போது கோரைப்பல் ட்ரேக்குள் உட்காருகிறது. கடவாய்ப்பல் வலது பக்கம் சேர்ந்துவிட்டது, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் பாக்கி.

மதுரையிலிருந்து ஒருவர்:

எனக்கு நேர்மாறாக நடந்தது, அதையும் பதிவு செய்கிறேன். நான்கு முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு அலைனர் போட்டேன். நடுவில் முன்பல்லுக்கு இடையே முன்பு இல்லாத சந்து விழுந்தது, கீழ்ப்பல்லில் ஈறுக்கு மேல் முக்கோணமாகக் கருப்பாக இடைவெளி தெரிந்தது. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். எல்லாப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு வேறொரு பல் சீரமைப்பு டாக்டரிடம் போனேன். அவர் திட்டத்தைப் பார்த்துவிட்டு, முதலில் கோரைப்பல்லைப் பின்னால் இழுக்கிறார்கள், அந்த இடம் திறந்த பிறகுதான் முன்பல் உள்ளே போகும், அதனால் இடையில் சந்து தெரிவது திட்டத்திலேயே இருக்கிறது என்று படம் படமாகக் காட்டினார். முக்கோணம் விஷயத்தில், ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்த பல் நேரானதும் நடுவில் ஈறு நிரம்பாத இடம் வெளியே தெரிகிறது, கடைசியில் லேசாகத் தேய்த்துச் சேர்த்தால் பெரும்பாலும் குறையும் என்றார். இதை என் டாக்டரே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை. மறுபடி அவரிடமே போனேன், சிகிச்சை ஒழுங்காக முடிந்தது. கன்சல்டேஷனுக்குக் கொடுத்த பணம் வீண் என்று நான் நினைக்கவேயில்லை.

சென்னையிலிருந்து இன்னொருவர்:

இரண்டாவது கருத்து கேட்கப் போகும் இடத்திலும் ஜாக்கிரதையாக இருங்கள். நான் போன கிளினிக்கில் வாயை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே, இது முழுக்கத் தப்பு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் விலை சொல்கிறவர் பேச்சை எப்படி நம்புவது? எழுந்து வந்துவிட்டேன். பிறகு கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் அங்கே யாருக்கும் எனக்கு எதையும் விற்க வேண்டிய அவசியமில்லை. முதுநிலை மாணவி முதலில் பார்த்தார், அப்புறம் பேராசிரியர் வந்து பார்த்தார். எனக்குக் கீழ் முன்பல் வெளியே தள்ளப்பட்டு ஈறு இறங்கிக்கொண்டிருந்தது, அதை என் கிளினிக்கில் யாரும் சொல்லவேயில்லை. பல்லை மேற்கொண்டு நகர்த்துவதை நிறுத்தி, எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனில் பார்த்து, ஈறுக்கு வைத்தியம் செய்த பிறகுதான் மற்றது என்றார்கள். நான் டாக்டரை மாற்றினேன், மாற்றியதுதான் சரி.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரிய பிராண்டுகளில் கேஸை அதே பிராண்டு செய்யும் வேறு டாக்டருக்கு மாற்ற வழி இருக்கிறது, ஆனால் பழைய டாக்டரிடம் கட்டியது தானாகப் புது டாக்டருக்குப் போகாது, அது தனியாகப் பேசித் தீர்க்க வேண்டியது. ரசீது, இஎம்ஐ ஒப்பந்தம், வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. நான் வழக்கு வரை போகவில்லை, எல்லாம் கையில் இருந்ததால் பேச்சிலேயே ஒரு பகுதி திரும்ப வந்தது.

மறுபடி கோவையிலிருந்து, முதலில் எழுதியவர்:

இன்னொரு டாக்டரைப் பார்க்கும் வரை ட்ரேயை நிறுத்திவிட்டால் பல் பழைய இடத்துக்குப் போய்விடாதா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். போகும், வாயை வெறுமனே விடக்கூடாது. மேடம் என்னிடம் சொன்னது, இடைவெளி இல்லாமல் கடைசியாக நன்றாக உட்கார்ந்த ட்ரே எதுவோ அதையே போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது. சென்னைக்காரர் மாதிரி ஈறு இறங்குகிற கேஸ் என்றால் அதையும் கேட்டுக்கொண்டே போடுங்கள். பழைய ட்ரேக்களைக் குப்பையில் போடாமல் கழுவித் துடைத்து, நம்பர் எழுதிய கவரிலேயே வைத்திருங்கள்.