நைரோபி பார்க்ல யானை இருக்கா இல்லையா, இன்னைக்கு முடிச்சுடுவோம்

பழைய நைரோபிக்காரன்:
நேத்து இங்க டிரான்சிட் தம்பி ஒரு பயணக் கதை எழுதியிருந்தாரு, படிச்சதுல இருந்து மண்டை சூடா இருக்கு. நைரோபில ஒம்பது மணி நேரம் அடுத்த ஃபிளைட்டுக்கு கேப் இருந்துச்சாம், வெளிய வந்து டாக்சி புடிச்சு நைரோபி நேஷனல் பார்க் போனாராம், "ஒரே காலையில சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை, யானைன்னு பிக் ஃபைவ் அஞ்சையும் முடிச்சாச்சு"ன்னு எழுதிட்டாரு. அதுக்கு ஆளாளுக்கு கைதட்டு வேற. ஐயா, நான் இந்த ஊர்ல பதினாலு வருஷமா குப்பை கொட்றேன். அந்த பார்க்ல யானை கிடையாது. 1946ல ஆரம்பிச்ச பார்க், கென்யாவுக்கே அதுதான் முதல் தேசியப் பூங்கா, மொத்தமே 117 சதுர கிலோமீட்டர், அதுல யானைக் கூட்டத்தை விட்டா கொஞ்ச நாள்ல ஒரு மரம் மிஞ்சாது. மத்த நாலும் இருக்கு, ஒத்துக்கிறேன். யானை இல்லை. இதை நம்பி நாளைக்கு ஒருத்தன் குடும்பத்தோட வந்து டிக்கெட் எடுத்துட்டு யானை எங்கன்னு தேடிட்டு நிப்பான், அந்தப் பாவம் யாருக்கு?

டிரான்சிட் தம்பி:
அண்ணே வணக்கம். பொய் சொல்றேன்னு நேரடியா சொல்லிட்டீங்க, பரவால்ல. ஆனா யானையை நான் கண்ணால பார்த்தேன். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே. பதினோரு மணிக்கு. போட்டோவும் போட்டிருக்கேன். போட்டோவுல இருக்கிறது என்ன, எலியா?

பழைய நைரோபிக்காரன்:
போட்டோவை நானும் பார்த்தேன் தம்பி, பெருசு பண்ணியே பார்த்தேன். உங்க யானை முதுகுல கம்பளி போத்தியிருக்கு. பக்கத்துல பச்சை கோட்டு போட்டவர் ஒருத்தர் புட்டியில பால் குடுக்குறாரு. காட்டு யானைக்கு போர்வை போத்தி புட்டிப்பால் குடுக்குற சஃபாரியை நான் கேள்விப்பட்டதே இல்ல. அது ஷெல்ட்ரிக் டிரஸ்ட்டோட அனாதைக் குட்டிங்க இருக்குற இடம். தாய் செத்துப்போன குட்டிங்களை நாட்டோட எங்கெங்க இருந்தோ கொண்டுவந்து வளர்க்குறாங்க, வளர்ந்ததும் சாவோ தேசியப் பூங்கா பக்கம் அனுப்பிடுவாங்க. அது பார்க் இல்ல. பார்க்ல யானை இல்ல.

டிரான்சிட் தம்பி:
அந்த இடம் எங்க இருக்கு? பார்க் எல்லைக்குள்ள இருக்கு. அதுக்குள்ள என்ன இருக்கு? யானை. அப்போ பார்க்ல என்ன இருக்கு? இதுக்கு பதினாலு வருஷ அனுபவமெல்லாம் வேணாம்ணே, ரெண்டாம் கிளாஸ் கணக்கு போதும்.

சும்மா வந்தேன்:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன். நிறுத்தாதீங்க.

லாங்காட்டா அக்கா:
நான் லாங்காட்டா ரோட்டுல குடியிருக்கேன், பார்க் மெயின் கேட் எனக்கு பக்கம்தான், அதனால ஒரு வார்த்தை. ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஷெல்ட்ரிக் இல்லம் பார்க் எல்லைக்குள்ளதான் இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா சஃபாரி வண்டியில சுத்துறப்ப அது கண்ணுல படாது. மகாடி ரோடு பக்கமா தனி வழி, முன்னாடியே பதிவு பண்ணணும், காசும் தனி, பொதுமக்களை விடுறது காலையில 11ல இருந்து 12 வரைக்கும் ஒரு மணி நேரம்தான். அதனால முதல்ல "பார்க்ல"ன்னா எல்லைக்கோட்டுக்குள்ளயா, இல்ல வண்டியில சுத்துற இடத்துலயான்னு ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்கப்புறம் சண்டையே இருக்காது.

பழைய நைரோபிக்காரன்:
அக்கா அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். யானை இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

டிரான்சிட் தம்பி:
ஆமாக்கா, அதை மட்டும் சொல்லுங்க.

லாங்காட்டா அக்கா:
கும்பிடு போட்டுக்கிறேன்ப்பா.

கேமராக்காரன்:
இருக்குன்னு நான் சொல்றேன். சாம்பலா இருக்கு. 1989ல அதிபர் மோய் 12 டன் தந்தத்தை குவிச்சு தீ வெச்சது இதே பார்க்குக்குள்ளதான், அப்புறம் 2016 ஏப்ரல்ல அப்போ அதிபரா இருந்த உஹுரு கென்யாட்டா 105 டன் எரிச்சதும் இங்கயேதான். எத்தனை ஆயிரம் யானையோட தந்தம் அது. அந்த இடத்துல போய் நின்னு பாருங்க, இப்ப மக்கள் டிபன் பாக்ஸ் தொறந்து சாப்பிடுற இடம் அது. எனக்கு ஒரு வாய் இறங்கல. நீங்க என்னடான்னா உயிரோட இருக்குற நாலு குட்டியை வெச்சு கணக்கு போட்டுட்டு இருக்கீங்க.

பழைய நைரோபிக்காரன்:
உருக்கமா எழுதுறீங்க, சரி. ஆனா அந்த தந்தம் பார்க் யானையோடது இல்ல, கடத்தல்காரன்கிட்ட புடிச்சது, எங்கெங்கயோ செத்த யானை. அதையும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க.

மொம்பாசா மச்சான்:
எனக்கு ஒரு டவுட்டு. சுவாஹிலில யானைக்கு டெம்போன்னு பேரு. எங்க கடற்கரைப் பக்கம் கள்ளுக்கும் டெம்போன்னுதான் பேரு. தம்பி காலையில எந்த டெம்போவைப் பார்த்தாருன்னு முதல்ல விசாரிங்க.

சும்மா வந்தேன்:
எங்க ஊர்ல டெம்போன்னா வாழைத்தார் ஏத்துற வண்டி. அதுவும் பார்க்குக்குள்ள இருந்திருக்கலாம்.

மொம்பாசா மச்சான்:
இல்லன்னா டஸ்கர் பாட்டில் லேபிளைப் பார்த்திருப்பாரு. அதுலயும் யானைதான். அந்த பீர் கம்பெனியை ஆரம்பிச்சவர்ல ஒருத்தரை 1923ல யானை கொன்னுடுச்சு, அதனாலதான் அந்தப் பேரே வந்துச்சும்பாங்க. கொன்ன யானைக்கு மரியாதை பண்ணி பேர் வெச்ச ஊருய்யா இது.

டிரான்சிட் தம்பி:
நான் குடிக்கிறதில்ல. தனிப்பட்ட தாக்குதல் வேணாம். யானை இருந்துச்சு.

பழைய நைரோபிக்காரன்:
சரி தம்பி, யானையை ஒரு நிமிஷம் ஓரமா வெப்போம். உங்க ஆல்பத்துல மூணாவது போட்டோ, "சிறுத்தை"ன்னு கீழ எழுதியிருக்கீங்க. கண்ணுல இருந்து வாய் வரைக்கும் மை வழிஞ்ச மாதிரி கறுப்புக் கோடு இருக்கே, பார்த்தீங்களா? அது சிறுத்தை இல்ல, சிவிங்கிப்புலி. பிக் ஃபைவ்ல அதுக்கு இடமே இல்ல. ஆக யானையும் போச்சு, சிறுத்தையும் போச்சு. உங்களுக்கு மிஞ்சினது பிக் த்ரீ.

டிரான்சிட் தம்பி:
அது எழுத்துப்பிழை. சிறுத்தையை தனியா பார்த்தேன், மரத்து மேல, போட்டோ எடுக்குறதுக்குள்ள இறங்கிடுச்சு.

பழைய நைரோபிக்காரன்:
ஹா. எப்பவுமே இறங்கிடும்.

கேமராக்காரன்:
சிவிங்கிப்புலி கிடைச்சிருந்தா அதுதான்யா அதிர்ஷ்டம்! நான் ஆறு தடவை போய் ஒரு தடவைகூட மாட்டல. அதை விட்டுட்டு பிக் ஃபைவ் பிக் ஃபைவ்னு. அந்தப் பட்டியலே வெள்ளைக்கார வேட்டைக்காரன் நடந்து போய் சுடுறதுக்கு எது ஆபத்துன்னு போட்டது, அதைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறோம். என் வயித்தெரிச்சல் வேற. ஒட்டகச்சிவிங்கி நடந்து வரும், பின்னாடி நகரத்து மாடிக் கட்டடமெல்லாம் வரிசையா தெரியும், உலகத்துல வேற எங்க கிடைக்கும் அந்த ஃபிரேம்? நகரத்து நடுவுல இருந்து ஏழு கிலோமீட்டர்தான். இப்ப எங்க கேமராவைத் திருப்பினாலும் அந்த ரயில் பாலம் வந்து நிக்குது. ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு பார்க்கை குறுக்கால வெட்டி தூணா நட்டுட்டாங்க.

பழைய நைரோபிக்காரன்:
பாலத்தை ஒண்ணும் சொல்லாதீங்க. கீழ மிருகம் போய்வரணும்னுதான் அவ்வளவு உயரமா தூக்கி கட்டினாங்க. ஒட்டகச்சிவிங்கி தலை குனியாம போகுது. நைவாஷா வரைக்கும் ரயில்ல போனப்ப நான் மேல இருந்து வரிக்குதிரை பார்த்தேன், டிக்கெட் இல்லாம சஃபாரி.

கேமராக்காரன்:
அதான் சார் உங்களுக்கு சஃபாரி. ஜன்னல் ஓரம், முறுக்கு, வரிக்குதிரை.

மாவு புளிக்கலை:
இவர்கிட்ட ஏன் வாயைக் குடுக்குறீங்க எல்லாரும். இதே ஆள்தான் போன ஜூலைல நைரோபில இட்லி மாவு எட்டு மணி நேரத்துல புளிக்கும்னு சத்தியம் பண்ணினாரு. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்துல இருக்குற ஊரு, ஜூலைல ஸ்வெட்டர் இல்லாம வெளிய போக முடியாது, மாவு ரெண்டு நாள் ஆனாலும் கல்லு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கும் பதினாலு வருஷம், பதினாலு வருஷம்னுதான் பேசினாரு.

பழைய நைரோபிக்காரன்:
அன்னைக்கு பதிமூணு வருஷம். ஓவன்ல லைட்டு போட்டு உள்ள வைக்கச் சொன்னேன், நீங்க வைக்கல. உளுந்து பழசு. அதை இங்க இழுக்காதீங்க. கேள்வி யானை.

டிரான்சிட் தம்பி:
கேள்வி யானைன்னா பதில் இருக்கு. சரி, இன்னொண்ணு கேக்குறேன், பார்க்குக்கு மூணு பக்கம்தான் வேலி, தெற்குப் பக்கம் பகாத்தி ஆறு, அந்தப்பக்கம் வேலியே இல்லன்னு எங்க டிரைவர் சொன்னாரு. வேலி இல்லாத பக்கமா காட்டு யானை வரலாம்ல? வராதுன்னு நீங்க எப்படி அடிச்சு சொல்லலாம்?

பழைய நைரோபிக்காரன்:
வேலி இல்லைங்கிறது சரிதான், அந்தப்பக்கமா வரிக்குதிரை, வில்டபீஸ்ட் மான் எல்லாம் கிடெங்கேலா சமவெளிக்கும் பார்க்குக்கும் போய்வரும். முன்னெல்லாம் கூட்டம் கூட்டமா போகும். இப்ப கிடெங்கேலாவுக்கு போய்ப் பாருங்க, ஃபிளாட்டு, கடை, ஆளுக்கொரு கம்பி வேலி, ஆத்தி ரிவர் பக்கம் சிமென்ட் ஃபேக்டரி. அதையெல்லாம் தாண்டி பிளாட்டு வாங்குற எண்ணத்தோட எந்த யானை வருது? சிங்கம் அப்படி வெளிய போய்த்தான் மாட்டிக்கிச்சு. 2016 மார்ச்ல மொஹாக்னு பேர் வெச்ச சிங்கம் வெளிய போய் இசின்யா பக்கம் சுத்துச்சு, கூட்டம் கூடிடுச்சு, ஒருத்தரை அடிச்சுடுச்சு, கடைசில சுட்டுட்டாங்க. மயக்க ஊசிக்காரர் வர்ற வரைக்கும் பொறுக்க முடியல. இன்னைக்கும் நினைச்சா சங்கடமா இருக்கு. சிங்கத்துக்கே அந்தக் கதி. யானை வரலாம், ஆனா வரல. இல்ல.

டிரான்சிட் தம்பி:
"வரலாம்"னு ஒத்துக்கிட்டீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

பழைய நைரோபிக்காரன்:
அந்த வரியை முழுசா எடுங்க. "ஆனா வரல"ன்னு பின்னாடியே இருக்கு.

லாங்காட்டா அக்கா:
வாயை மூடிட்டு இருக்கணும்னு பார்த்தேன், முடியல. அந்தக் குட்டிங்களை "போர்வை யானை"ன்னு கேலி பண்றது எனக்குப் பிடிக்கல. ராத்திரி தனியா விட்டா ஏங்கிப் போயிடும்னு ஒவ்வொரு குட்டி கூடவும் ஒரு ஆள் அதே கொட்டடியில படுத்துத் தூங்குறாரு. மாட்டுப்பால் குடுத்தா குட்டிக்குச் சேராம செத்துப் போயிட்டிருந்துச்சு, டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மா வருஷக்கணக்கா மாத்தி மாத்திப் பார்த்து, குழந்தைக்குக் குடுக்குற பால் பவுடர்ல தேங்காய் எண்ணெய் கலந்து குடுத்த பிறகுதான் குட்டிங்க பிழைக்க ஆரம்பிச்சுது. ஒரு தடவை போய் நின்னு பாருங்க, அப்புறம் எந்தக் கேட்டு, எந்த எல்லைன்னு கேக்கத் தோணாது.

மாவு புளிக்கலை:
தேங்காய் எண்ணெயா! எங்க ஆத்தா கேட்டா துள்ளிக் குதிக்கும்.

மொம்பாசா மச்சான்:
தேங்காய்னா மொம்பாசா. எங்க பக்கத்து தேங்காய்தான் அந்தக் குட்டிங்களைக் காப்பாத்தியிருக்கும், நைரோபிக்காரங்க பெருமை அடிச்சுக்க வேணாம்.

பழைய நைரோபிக்காரன்:
அக்கா, நான் குட்டியைக் கேலி பண்ணல, தம்பியைத்தான் பண்ணினேன். நானும் ஷெல்ட்ரிக்குக்கு நாலு தடவை போயிருக்கேன், பொண்ணு பேர்ல ஒரு குட்டிக்கு வருஷா வருஷம் பணம் கட்றேன், சொல்லிக்கிறதில்ல. ஆனா அங்க போயிட்டு வந்து "பார்க்ல யானை பார்த்தேன்"னு நான் என்னைக்காவது சொன்னேனா? இல்ல. ஏன்னா பார்க்ல யானை இல்ல. ஆஸ்பத்திரி வார்டுல குழந்தையைப் பார்த்துட்டு வந்து தெருவுல குழந்தை விளையாடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. தம்பி அஞ்சுன்னு எழுதினதை நாலுன்னு மாத்தட்டும், சிறுத்தை போட்டோ இல்லாததால மூணுன்னே மாத்தட்டும், நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

டிரான்சிட் தம்பி:
மாத்தமாட்டேன். ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்கோ குழந்தையும் அந்த ஊர்லதான் இருக்கு.

புதுசா வர்றோம்:
வணக்கம். டிசம்பர்ல மூணு நாள் நைரோபில தங்குறோம், ரெண்டு சின்னப் பசங்க. இந்த பார்க்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், டிக்கெட்டை அங்க போய் எடுத்துக்கலாமா? தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

பழைய நைரோபிக்காரன்:
நல்ல கேள்வி. காலையில ஆறு மணிக்கு கேட் தொறக்கும், அப்பவே உள்ள இருக்கணும், வெயில் ஏறிட்டா சிங்கமெல்லாம் புல்லுக்குள்ள படுத்துடும், வெறும் காது நுனி மட்டும்தான் தெரியும். கையில காசு வாங்கமாட்டாங்க, ஆன்லைன்ல முன்னாடியே கட்டிடுங்க. ஜன்னலுக்கு வெளிய பசங்க கையை நீட்டவிடாதீங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. காண்டாமிருகம் அனேகமா பார்த்துடலாம், அதுக்கு இந்த பார்க் ரொம்பவே நல்ல இடம். ஆத்துப் பக்கம் நீர்யானை வரும், அங்க காவலர் கூட இறங்கி நடக்கலாம். யானை மட்டும் கேக்காதீங்க, இல்ல.

டிரான்சிட் தம்பி:
நீர்யானைன்னு அவரே எழுதிட்டாரு. நீர்ல இருந்தாலும் யானை யானைதான்.

பழைய நைரோபிக்காரன்:
தம்பி. அடுத்த தடவை டிரான்சிட்ல வர்றப்ப சொல்லுங்க. ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்துட்டு வந்து, ஆறு மணில இருந்து சாயங்காலம் கேட் மூடுற வரைக்கும் மூலை மூலையா காட்றேன். யானை காட்டினீங்கன்னா நான் மொட்டை போட்டுக்கிறேன்.

டிரான்சிட் தம்பி:
பதினோரு மணிக்கு மகாடி ரோடு பக்கம் வண்டியைத் திருப்புவீங்களா?

பழைய நைரோபிக்காரன்:
திருப்பமாட்டேன்.

சும்மா வந்தேன்:
பாப்கார்ன் தீர்ந்துடுச்சு, ஒரு நிமிஷம் இருங்க வந்துடுறேன்.

புதுசா வர்றோம்:
ரொம்ப நன்றி சார். ஆனா பசங்க யானைக்குத்தான் ஆசைப்படுறாங்க. இருக்குன்னும் சொல்றீங்க, இல்லன்னும் சொல்றீங்க. நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்?

பழைய நைரோபிக்காரன்:
இல்லைன்னு சொல்லுங்க.

டிரான்சிட் தம்பி:
இருக்குன்னு சொல்லுங்க.