வெள்ளை லேபிள் ஹோஸ்டிங் ரீசெல்லர் தொழில்: சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

வலைநெசவு எழுதியது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாக இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். என் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 30 பேர் வெவ்வேறு நிறுவனங்களில் ஹோஸ்டிங் (தளத்தையும் அஞ்சலையும் தாங்கும் சர்வர் இடம்) வைத்திருக்கிறார்கள். தளம் திறக்கவில்லை என்றாலும், மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை என்றாலும் முதலில் என்னைத்தான் அழைக்கிறார்கள். பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது என்றால், ஒரு ரீசெல்லர் கணக்கை (ஒரு நிறுவனத்திடம் சர்வர் இடத்தை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்க உதவும் கணக்கு) வாங்கி, எல்லோரையும் என் நிறுவனத்தின் பெயரிலேயே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. ரீசெல்லர் கணக்கு போதுமா, தனி விபிஎஸ் (நாமே நிர்வகிக்கும் மெய்நிகர் சர்வர்) எடுக்க வேண்டுமா? எனக்கு இடம் விற்கும் மேல்நிலை நிறுவனத்தின் பெயர் எங்கும் தெரியாமல் வைத்திருக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையசர்வர் எழுதியது:

30 கணக்குகளுக்கு ரீசெல்லர் கணக்கே போதும். விபிஎஸ் எடுத்தால் இயங்குதளப் புதுப்பிப்பு, பாதுகாப்பு, நள்ளிரவில் அஞ்சல் வரிசை நிரம்பி வழிவது எல்லாம் உங்கள் வேலையாகிவிடும். ரீசெல்லர் கணக்கில் டபிள்யூஎச்எம் என்ற நிர்வாகப் பலகை வழியாகத் திட்டங்களை வகுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சிபேனல் (வாடிக்கையாளர் தம் தளத்தையும் அஞ்சலையும் நிர்வகிக்கும் பலகை) கணக்கைத் திறந்து கொடுப்பதோடு உங்கள் தொழில்நுட்ப வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சிபேனல் நிறுவனம் 2019இல் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கையோடு இணைத்துவிட்டது. ஆகவே திட்டங்களை ஒப்பிடும்போது வட்டு அளவைக் காட்டிலும் எத்தனை கணக்குகளுக்கு அனுமதி, அதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதையே முதலில் பாருங்கள்.

பெயரை மறைப்பதைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் கண்ணில் படும் இடங்களில் மறைக்கலாம். தேடிப் பார்ப்பவரிடம் மறைக்க முடியாது. ஐபி முகவரி யாருக்குச் சொந்தம் என்பதும், மின்னஞ்சல் தலைப்பில் பதியும் சர்வர் பெயரும் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. எவராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

ஆனால் நேம்சர்வர் (ஒரு டொமைன் எந்த ஐபி முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) மட்டும் உங்கள் சொந்த டொமைனில் இருந்தே ஆக வேண்டும். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மேல்நிலை நிறுவனம் கைமாறியது. அதன்பின் சர்வர் தவழத் தொடங்கியது. வேறிடத்துக்கு மாற முடிவு செய்தேன். என் பெயரிலுள்ள நேம்சர்வரைப் பயன்படுத்தியவர்களுக்கு, டொமைன் பதிவாளரிடம் இரண்டு ஐபி முகவரிகளை மாற்றியதோடு வேலை முடிந்தது. அவர்களில் பலருக்கு இடம் மாறியதே தெரியாது. தொடக்க காலத்தில் சோம்பலால் மேல்நிலை நிறுவனத்தின் நேம்சர்வரையே கொடுத்திருந்த ஒன்பது பேருக்கோ மூன்று வாரங்கள் பிடித்தன, ஏனெனில் ஒவ்வொருவரும் தம் டொமைன் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாறும்போது டிடிஎல் மதிப்பை (பழைய முகவரியைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) இரண்டு நாள் முன்னதாகவே 300 வினாடிகளுக்குக் குறைத்துவிடுங்கள். ஆனால் .காம் டொமைன்களின் நேம்சர்வர் முகவரிகளுக்குரிய டிடிஎல் 1,72,800 வினாடிகள், அதாவது இரண்டு நாட்கள். அதை நீங்கள் குறைக்க முடியாது. அந்த இடைவெளியில் சில அஞ்சல்கள் பழைய சர்வருக்கே போய்ச் சேரும் என்பதால், பழைய கணக்கை ஒரு வாரமாவது உயிரோடு வைத்திருந்து, கடைசியில் ஒருமுறை அஞ்சல் பெட்டிகளை ஒத்திசைத்துவிட்டே மூடுங்கள்.

அஞ்சல்பெட்டி எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது இணையதளங்கள் அல்ல, மின்னஞ்சல்தான். எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் அஞ்சல் தொடர்பானவை. ரீசெல்லர் சர்வரில் ஐபி பொதுவானது. அதே சர்வரில் முகம் தெரியாத எவரோ ஒருவருடைய பழைய வேர்ட்பிரஸ் செருகுநிரல் வழியாக எரிதம் (ஸ்பேம்) வெளியேறினால், ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறுவது உங்கள் எல்லா வாடிக்கையாளர்களும் பயன்படுத்தும் அந்த ஐபிதான். "நாங்கள் தவறு செய்யவில்லையே" என்று அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது, ஆனால் உங்களிடம் அதற்கு விடை இருக்காது.

அஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கணக்குத் திறக்கும் நாளிலேயே அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கடுமையாகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். அஞ்சலை நம்பியே தொழில் நடத்தும் வாடிக்கையாளரைத் தனி அஞ்சல் சேவைக்கு அனுப்பிவிட்டு, உங்களிடம் இணையதளத்தை மட்டும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. வருமானம் சற்றுக் குறையும். இரவில் உறக்கம் வரும்.

கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் உள்ள சர்வராகப் பார்த்து எடுங்கள். அது ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, நினைவக வரம்பு விதிப்பதால், ஒருவருடைய தளத்தில் கூட்டம் பெருகினாலும் அடுத்தவர் தளம் முடங்காது. வரம்பைத் தொட்ட தளத்தில் 508 என்ற பிழை தோன்றும். சர்வரே விழுந்துவிட்டதாக வாடிக்கையாளர் பதறி அழைக்கும்போது, இது வேறு என்று விளக்கும் சொற்களைத் தயாராக வைத்திருங்கள்.

வலைநெசவு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நான் பார்த்து வைத்திருக்கும் நிறுவனம் தினசரி காப்புநகலும், 99.9 விழுக்காடு இயக்க நேரமும் தருவதாகச் சொல்கிறது. அதையே என் விலைப்பட்டியலிலும் எழுதிக்கொள்ளலாமா?

இரவுக்காவல் எழுதியது:

99.9 விழுக்காடு என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடங்கள் வரை தளம் விழுந்திருக்கலாம் என்றுதான் பொருள். அதை மீறினாலும், பொதுவாக உங்கள் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைக் கழித்துக்கொள்வார்களே தவிர, உங்கள் வாடிக்கையாளரின் இழப்பை ஏற்கமாட்டார்கள். மேலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் உறுதியைவிட ஒரு சொல் கூடுதலாகக் கீழே எழுதித் தராதீர்கள்.

காப்புநகலை அவர்களை மட்டும் நம்பி விடக் கூடாது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றி ஒரு கட்டடமே எரிந்துபோனபோது, காப்புநகலும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். வாரம் ஒருமுறையாவது வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு நீங்களே முழு நகல் எடுத்து அனுப்புங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கணக்கை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். நான் முதன்முதலில் மீட்டுப் பார்த்தபோது, எட்டு மாதங்களாகத் தரவுத்தளம் இல்லாத நகல்களையே சேர்த்து வைத்திருந்தது தெரியவந்தது.

பழையசர்வர் எழுதியது:

விட்டுப்போன ஒன்று. ரசீது, புதுப்பிப்பு நினைவூட்டல், கட்டாதவர் கணக்கை நிறுத்தி வைப்பது ஆகியவற்றை டபிள்யூஎச்எம்சிஎஸ் அல்லது பிளெஸ்டா போன்ற ரசீது மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 30 பேருக்கு ஒரு விரிதாளே போதும் என்பவர்களும் உண்டு. டொமைனை மட்டும் வாடிக்கையாளரின் பெயரிலேயே பதியுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். பிற்பாடு மனக்கசப்பு வந்தால் உரிமைச் சண்டைக்கு இடமிருக்காது. முதலில் உங்கள் சொந்தத் தளத்தையும், பொறுமைசாலியான இரண்டு மூன்று வாடிக்கையாளர்களையும் மட்டும் கொண்டுவந்து மூன்று மாதம் ஓட்டுங்கள். அந்த மேல்நிலை நிறுவனத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு புகார் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்றும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.