ஒரே ஊர் அணிக்கு 9 கோப்பை, எப்படி?

வாழப்பாடிக்காரன்:
வணக்கம். வாழப்பாடிப் பக்கம் கபடிக் குழு ஒன்று நடத்துகிறேன். அயர்லாந்தில் இருக்கும் அக்கா மகன், கில்கென்னி மாவட்டத்துச் சின்ன ஊரான பாலிஹேல் பற்றிப் போனில் சொல்லிச் சொல்லி எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஹர்லிங் என்பது மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டம். பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற அந்த ஊர் ஹர்லிங் குழு தொடங்கியது 1972-ல். அகில அயர்லாந்து கிளப் கோப்பையை 9 முறை வாங்கியிருக்கிறார்கள்! இங்கே ஒரு பையன் நன்றாக ரெய்டு போக ஆரம்பித்தால் அடுத்த பொங்கலுக்கு வேறு ஊர் பனியனில் நிற்கிறான். அவர்கள் எப்படிக் கட்டிக் காக்கிறார்கள்?

ஏற்காட்டு நர்ஸ்:
அண்ணா, நான் கில்கென்னியில்தான் வேலை பார்க்கிறேன். முதல் விஷயம், அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. ஏற்காட்டில் ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியை நாம் பங்கு என்று சொல்வோமே, அந்தப் பங்கு எல்லைதான் குழுவுக்கும் எல்லை, பிறந்து வளர்ந்த ஊருக்கே ஆடுவார்கள். ஹென்றி ஷெஃப்லின் கில்கென்னி மாவட்ட அணியோடு 10 அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியவர், ஆனாலும் சொந்த ஊர்க் குழு பாலிஹேல்தான், ஆடி முடித்த பிறகு பயிற்சியாளராக வந்து 2019, 2020 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2022 இறுதிப் போட்டி மனதை உடைத்துவிட்டது. கம்பத்துக்கு மேலே அடித்தால் 1 புள்ளி, வலைக்குள் போனால் 3. கடைசி நொடியில் எதிரணியான பாலிகன்னர் ஒரு கோல் அடித்து 23-22 என்று ஜெயித்துவிட்டது. அதே பசங்கள் மறு வருடம் டன்லாய் குழுவை வென்று 9-வது கோப்பையைத் தூக்கினார்கள். எனக்கு அந்தக் கோப்பைதான் எல்லாவற்றையும் விடப் பெரிது.

ஓமலூர் மாமா:
தம்பி, பையன்களைக் குறை சொல்லாதே, வீட்டுக் கஷ்டத்துக்கு நாலு காசு கிடைக்கும் இடத்துக்குப் போகிறார்கள். நம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பார், இந்திய அணிக்கு ஆடிவிட்டு வந்து சொந்த ஊரிலேயே மைதானம் கட்டினார். அப்படி ஒருத்தர் ஊருக்குத் திரும்பி வந்தாலே போதும், சின்னப் பசங்கள் தானாக வருவார்கள்.

ஏற்காட்டு நர்ஸ்:
மாமா சொல்வது சரி. இன்னொன்று, அங்கே 12 வயதுக்குக் கீழே எல்லாக் குழந்தைகளையும் ஆட விடுவார்கள், யாரையும் ஓரமாக உட்கார வைப்பதில்லை.

வாழப்பாடிக்காரன்:
இதுதான் எனக்கு உறைத்தது தங்கச்சி. நான் நல்லா ஆடும் 7 பேரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். வரும் ஞாயிறு காலை பள்ளிக்கூடத்துப் பசங்கள் எல்லாரையும் கூப்பிடுகிறேன், ஊரை விட்டுப் போன இரண்டு பேரிடமும் கோடு போட வரச் சொல்லிவிட்டேன். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் குழு வைக்கலாமா, அங்கே எப்படிச் செய்கிறார்கள்?