வாங்கியவர் மட்டும் சரிபார்க்கக்கூடிய டிஜிட்டல் கையெழுத்து உண்டா?

கேள்வி:
சின்ன அளவில் சாஃப்ட்வேர் வேலை எடுத்துச் செய்கிறேன். போன மாதம் ஒருவருக்குக் கொட்டேஷனை டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) போட்டு பி.டி.எஃப். ஆக அனுப்பினேன். மனுஷன் அதை அப்படியே என் போட்டியாளரிடம் காட்டி, இதைவிடக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். பச்சை டிக் வேறு இருக்கிறதா, போட்டியாளரும் நம்பிவிட்டார். நான்தான் அனுப்பினேன் என்று வாடிக்கையாளருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், ஆனால் அவர் யாரிடம் காட்டினாலும் அந்தக் கையெழுத்து செல்லாக்காசாக வேண்டும். வழி இருக்கிறதா?

பதில் 1:
அவருடைய பப்ளிக் கீ (எல்லோருக்கும் தெரிந்த சாவி) வைத்து, அவர் மட்டும் திறக்கும்படி என்கிரிப்ட் செய்து அனுப்புங்கள். வேலை முடிந்தது.

பதில் 2:
முடியவில்லை :) திறந்தவர் உள்ளே இருக்கும் கையெழுத்தை உருவி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அது அங்கேயும் செல்லும்.

நீங்கள் கேட்பதற்குப் பெயர் டெசிக்னேட்டட் வெரிஃபையர் கையெழுத்து, அதாவது குறித்த ஒருவருக்கு மட்டும் செல்லும் கையெழுத்து. ஜேக்கப்சன், சாகோ, இம்பாலியாஸோ மூவரும் 1996 இல் இதற்கு வழி சொன்னார்கள். உங்கள் ரகசிய சாவி அல்லது வாங்குபவரின் ரகசிய சாவி, இரண்டில் ஒன்று பயன்பட்டது என்பதை மட்டும் அது நிரூபிக்கும், எது என்று சொல்லாது. வீட்டில் இரண்டே பேர், முறுக்கு டப்பா காலி. நான் தொடவில்லை என்று எனக்குத் தெரியும், அப்போது தின்றது நீதான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவரில் யாரைப் பிடிப்பார்? 2001 இல் ரிவெஸ்ட், ஷமீர், டௌமன் கொண்டுவந்த ரிங் சிக்னேச்சரை (ஒரு குழுவில் யாரோ ஒருவர் போட்டது என்று மட்டும் காட்டும் கையெழுத்து) இரண்டே பேருக்குப் போட்டாலும் இதேதான்.

கேட்டவர்:
அப்போது அவரே என் பெயரில் ஒரு போலிக் கொட்டேஷன் தயாரிப்பாரே?

பதில் 2:
தாராளமாக. அவரால் முடியும் என்பதால்தான் மற்றவர் நம்ப மாட்டார். ஆனால் ஒன்று, நாளைக்குத் தகராறு வந்தால் இந்தக் கையெழுத்தை வைத்து மூன்றாம் ஆளிடம் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் பேரம் பேசும்வரை இது, ஒப்பந்தத்துக்கு வழக்கமான டி.எஸ்.சி. தான்.

பதில் 3:
இருவர் சாவிகளையும் வைத்து டிஃபி-ஹெல்மன் முறையில் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய சாவி எடுத்து ஹெச்மேக் போட்டாலே போதும். அது அந்தச் சாவி வைத்துச் செய்தியில் போடும் முத்திரை, இருவரில் யாரும் போடலாம். 2004 இல் வந்த ஓ.டி.ஆர். என்ற ரகசிய சாட் முறையும் செய்திகளுக்கு இப்படித்தான் முத்திரை போட்டது.

ஆனால் நீங்கள் எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கொட்டேஷன் போனது மெயிலில்தானே? உங்கள் மெயில் சர்வர் டிகிம் (DKIM) என்ற தன் கையெழுத்தைத் தானாகவே போட்டிருக்கும், அட்டாச்மென்ட்டும் அதற்குள் அடக்கம். ஸ்பேமுக்காகவும் போலி மெயிலுக்காகவும் வைத்த ஏற்பாடு, ஆனால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 2016 இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட, ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் மெயில்களில் பலவற்றை அசல் என்று வெளியாட்கள் உறுதிசெய்தது இதை வைத்துத்தான். பழைய டிகிம் ரகசிய சாவிகளை கூகுளே வெளியிட்டுவிட வேண்டும், யாரும் போலி செய்யலாம் என்றானால் பழைய மெயில் சாட்சியாகாது என்று கிரிப்டோகிராஃபி பேராசிரியர் மாத்யூ கிரீன் 2020 இல் கேட்டதும் அதனால்தான்.

கேட்டவர்:
மெயிலில்தான் அனுப்பினேன். இப்போது ஹெடரைத் திறந்து பார்த்தேன், இருக்கிறது. அடுத்த கொட்டேஷன் போனில்தான்.