எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நோன்பு என்னாகும்? ஈரோட்டிலிருந்து ஒரு கேள்வி

கனிமார்க்கெட் தங்கச்சி:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கண்ணனுக்கு வயசு 38, ஜவுளி யாவாரம். உயரம் 168 செ.மீ., எடை 134 கிலோ. சர்க்கரை பல வருசமா இருக்குதுங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ராத்திரி மூக்குல மெசின் மாட்டிட்டுத்தான் படுக்கறாங்க. முழங்கால் போயிருச்சு. பள்ளியில ஓரமா நாற்காலி போட்டுத்தான் தொழறாங்க, நெத்தியைத் தரையில வச்சு ஸஜ்தா பண்ணி வருசக்கணக்காச்சு.

கோயமுத்தூர்ல பாத்த டாக்டர் பைபாஸ் முறையில (இரைப்பையைச் சின்னதாக்கி நேரா சிறுகுடலோட இணைக்கறது) எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னதுல இருந்து வீடு ரெண்டு கட்சியா நிக்குது. "அல்லாஹ் குடுத்த வயித்தை வெட்டறது ஹராம், அப்புறம் நோன்பும் வைக்க முடியாது"ங்கறது மாமா. "எம் பையன் உசுரோட இருக்கட்டும்"ங்கறது அம்மா. அண்ணன் ஒண்ணும் பேசறதில்லை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பள்ளப்பட்டிக்காரன்:

வ அலைக்கும் ஸலாம் சகோதரி. உங்க மாமா சொல்றதைச் சும்மா தள்ளிட முடியாது. அல்லாஹ்வின் படைப்பை மாத்தச் சொல்லி ஏவுவேன்னு ஷைத்தான் சொன்னது குர்ஆன்ல இருக்கு (4:119). உடம்பு நமக்குச் சொந்தமில்லை, அமானிதம். நல்லா இருக்கற இரைப்பையில கை வைக்க நமக்கு யார் அதிகாரம் குடுத்தா?

இதுக்கு மருந்து 1400 வருசத்துக்கு முன்னாடியே சொல்லியாச்சு. வயித்துல மூணுல ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு தண்ணிக்கு, ஒரு பங்கு மூச்சுக்குன்னு ஹதீஸ் திர்மிதியில இருக்கு. திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு லட்சக்கணக்குல செலவு பண்ணி வயித்தைச் சுருக்கறதை என்னால ஏத்துக்க முடியலை. நம்ம கல்யாணப் பந்தியில பிரியாணி மேல பிரியாணி வைக்கறதை யாரும் நிறுத்தறதில்லை, வியாதி வந்தா மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடறோம்.

சென்னிமலை தறிக்காரன்:

நான் உங்க மார்க்கம் இல்லைங்க, இருந்தாலும் ஒரு வார்த்தை. 2024ல் சென்னைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் செத்தே போனான், எல்லாப் பேப்பர்லயும் வந்தது. வெளம்பரம் பாத்துப் போறதுக்கு இது தோடு குத்தற வேலை இல்லைங்க. 2025 மார்ச்சுல எடை குறைய வைக்கற மௌஞ்சாரோ ஊசி நம்ம நாட்டுக்கு வந்தாச்சு, வாரம் ஒண்ணு போட்டாப் போதும். அதை மொதல்ல பாத்தா என்னங்க?

கரும்புக்கடை நர்ஸ்:

பள்ளப்பட்டி பாய், "நல்லா இருக்கற இரைப்பை"ன்னு எழுதியிருக்கீங்க. 134 கிலோ, சர்க்கரை, தூக்கத்துல மூச்சடைப்பு. இதுல எது நல்லா இருக்குது? பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்குப் போட்டா 47 வருது. 2022ல் எடை குறைப்பு அறுவை மருத்துவர்களோட அமெரிக்க அமைப்பும் உலக அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்ல, 35க்கு மேல இருந்தாலே, வேற வியாதி இல்லைன்னாக்கூட, இந்த ஆபரேஷன் பண்ணலாம்னு இருக்கு. நம்ம மாதிரி ஆசியக்காரங்களுக்கு 27.5லயே யோசிக்கலாம்னு இருக்கு. ஊசியும் நல்லதுதான், டாக்டர் கிட்ட கேளுங்க. ஆனா நிறுத்தினா எடை திரும்ப ஏறறது நிறைய நடக்குது.

அப்புறம் இதைப் பெருந்தீனிக் கணக்குல சேர்க்கறதை தயவுசெஞ்சு விட்டுருங்க. பசியைத் தூண்டற கிரெலின்ங்கற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையோட மேல்பக்கத்துல சுரக்குது. ஸ்லீவ்ங்கற இன்னொரு வகை ஆபரேஷன்ல இரைப்பையில 75 முதல் 80 சதவீதம் எடுக்கறப்ப அந்தப் பகுதியும் போயிருது. பசியே குறையறதுக்கு அதுவும் ஒரு காரணம். மன உறுதி இல்லாத ஆள்னு கேட்டுக் கேட்டுப் புழுங்கிப் போய் வார்டுக்கு வந்தவங்களைப் பாத்திருக்கேன். சகோதரி, உங்கண்ணன் ஒண்ணும் பேசாம இருக்கறதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

மார்க்கம் பாக்கறவங்க கேட்க வேண்டிய வேற கேள்வி இருக்கு, அதை யாருமே கேக்கறதில்லை. ஆபரேஷன் முடிஞ்சதும் ரத்தம் உறையாம இருக்க வயித்துத் தோல்ல போடற இனாக்ஸாபாரின் ஊசி பன்றிக் குடல்ல இருந்து எடுக்கற பொருள்ல செய்யறது. ஃபோன்டாபாரினக்ஸ்னு முழுக்க செயற்கையா செய்யற மருந்து இருக்கு. எல்லாருக்கும் ஒத்துவராது, குறிப்பா சிறுநீரகம் பலவீனமா இருந்தா. அதை முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசிரணும், மேசையில படுத்த பிறகு கேட்டா ஒண்ணும் நடக்காது. அதே மாதிரி ஆயுசு முழுக்க போட வேண்டிய விட்டமின் மாத்திரை. கேப்ஸ்யூல் மேல இருக்கற ஜெலட்டின் எந்தப் பிராணியோடதுன்னு அட்டையில பெரும்பாலும் எழுதியிருக்காது. செடியில இருந்து செஞ்ச கேப்ஸ்யூல், சப்பற மாத்திரை, டானிக் எல்லாம் கிடைக்குது.

பள்ளப்பட்டிக்காரன்:

பன்றி விஷயம் சொன்னீங்களே, நன்றி. நான் சொல்ற பேணுதலுக்கு அதுவே ஆதாரம். என் பெரிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. நோன்பு பர்ளு, கட்டாயக் கடமை. தானா போய் ஒரு காரியம் பண்ணிக்கிட்டு, அதனால பர்ளை விடற நிலைமையை ஒருத்தன் வரவழைச்சுக்கலாமா? வியாதி தானா வந்தா சலுகை உண்டு. நாமளே வரவழைச்சுக்கிட்டா?

தாராபுரம் ஓதுற பிள்ளை:

மதரஸாவுல ஓதிட்டிருக்கேன். ஃபத்வா குடுக்கற தகுதி எனக்கில்லை. உங்க மஹல்லா ஹஜ்ரத்தைக் கேட்டே முடிவெடுங்க. ஓதினதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

பாய் கேட்டது நியாயமான கேள்வி. பயணம் போறவரும் தானாத்தான் கிளம்பறாரு. யாவாரத்துக்குப் போனாலும் நோன்பை விட்டு அப்புறம் களா செய்ய, அதாவது வேற நாள்ல வைக்க அனுமதி இருக்கு, "ஏன் கிளம்பினே"ன்னு மார்க்கம் கேக்கறதில்லை. நோன்பை ஏமாத்தறதுக்குன்னே பயணம் போறதுதான் குத்தம். இங்க நோக்கம் வைத்தியம். "வைத்தியம் செய்யுங்கள், முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைக்காமல் இல்லை"ங்கற கருத்துல அபூதாவூத்ல ஹதீஸ் இருக்கு.

படைப்பை மாத்தறதைப் பத்தியும் ஒரு ஹதீஸ் இருக்கு, அபூதாவூத், திர்மிதி ரெண்டுலயும். அர்ஃபஜாங்கற ஸஹாபிக்கு (நபித்தோழர்) குலாப் போர்ல மூக்கு போயிருச்சு. வெள்ளி மூக்கு வச்சாரு, அது நாத்தமெடுத்தது. தங்கத்துல வச்சுக்கன்னு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னாங்க. ஆம்பளைக்குத் தங்கம் ஹராம்னு இருந்தும் தேவைன்னு வந்தப்ப வழி விட்டாங்க. அழகுக்காக, நாலு கிலோ குறைஞ்சா ஃபோட்டோவுல நல்லா இருக்கும்னு வெட்டிக்கறதும் இதுவும் ஒண்ணில்லை. நோய்க்காக, நம்பகமான டாக்டர் சொல்லி, வேற லேசான வழி போதாதப்ப செய்யறதை இந்தக் காலத்து உலமாக்கள் பலர் அனுமதிக்கறாங்க.

இன்னொண்ணு. ஃபித்யா (நோன்புக்குப் பதிலா ஏழைக்கு உணவு குடுக்கறது) குடுத்துட்டா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்காங்க. குணமாகும்ங்கற நம்பிக்கை இருக்கற நோயாளிக்கு களாதான் கடமை. ஃபித்யா, இனி எப்பவுமே முடியாதுங்கறவங்களுக்கு. ஹனஃபி மத்ஹப்ல (மார்க்கச் சட்டப் பிரிவு), ஃபித்யா குடுத்த பிறகு உடம்பு தேறி நோன்பு வைக்க முடிஞ்சா, களா செஞ்சே ஆகணும். ஆக அண்ணன் விடற நோன்பு காணாமப் போயிராது, கணக்குல நிக்கும்.

உக்கடம் பெரியவர்:

பிள்ளைங்களா, நான் பண்ணிக்கிட்டவன். பைபாஸ்தான். அதுக்கப்புறமும் ரமலான் பாத்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

ஹலாலா ஹராமாங்கற கேள்விக்கு ஹஜ்ரத் ஒரே உக்காருல பதில் சொல்லிட்டாங்க. அதுக்கு மேலதான் வேலையே இருக்குது. அதைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டும் பதில் இல்லை, பள்ளியிலயும் பேசறவங்க இல்லை, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினாங்க. உங்கண்ணனுக்கு அந்த நிலைமை வரக்கூடாது.

மொதல்ல தேதி. ஆபரேஷனை நோன்புக்கு முன்னாடி வைக்காதீங்க, பெருநாள் முடிஞ்ச கையோட ஷவ்வால்ல வைங்க. அடுத்த ரமலான் பத்து பதினொரு நாள் முந்தி வந்தாலும் கிட்டத்தட்ட பத்தரை மாசம் கையில இருக்கும். ஆனா மொத வருச நோன்பை டாக்டர் வேணாம்னா வேணாம்தான். அந்த நேரத்துல உடம்பு சாப்பாட்டை விட தண்ணிக்கும் புரதத்துக்கும் தவிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி, 60 கிராமுக்கு மேல புரதம். இரைப்பை முட்டை அளவுதான் இருக்கும், ஒரே மூச்சுல ஒரு டம்ளர் குடிக்க முடியாது. மடக்கு மடக்காத்தான் போகும். பதிமூணு மணி நேரம் மூடி வச்சுட்டு, மிச்ச நேரத்துல தூங்கி, தொழுது, இவ்வளவையும் உள்ள இறக்கணும். நினைச்சுப் பாருங்க.

அடுத்தடுத்த வருசம் டாக்டர் சம்மதிச்சார், வச்சேன். நோன்பு திறக்கறப்ப நாலு பேரீச்சம்பழம், மேல ரோஸ்மில்க்கு, அது பைபாஸ் பண்ணினவனுக்கு ஆகாது. இனிப்பு இரைப்பையில தங்காம சட்டுனு சிறுகுடலுக்குப் போயிரும். வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், மஃரிப் தொழுகையில நிக்க முடியாது. டம்பிங்னு சொல்வாங்க. ஒரு வாய் தண்ணி, ஒத்தைப் பழத்தைப் பிச்சு நல்லா மென்னு, அவ்வளவோட சரி. தொழுதுட்டு வந்து நோன்புக் கஞ்சியை ஸ்பூன்ல எடுத்துக் குடிப்பேன். கறி, முட்டை, பருப்பு மொதல்ல, சோறு கடைசி. சாப்பாட்டோட தண்ணி கூடாது, அரை மணி நேரம் கழிச்சுத்தான். ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு ஜுப்பா பாக்கெட்டுல சின்ன தண்ணி பாட்டில் இருக்கும். ஒவ்வொரு நாலு ரக்அத்துக்கும் இடையில உக்கார்ற நேரத்துல ரெண்டு மடக்கு. இருபது முடியறதுக்குள்ள ஒரு பாட்டில் காலியாயிரும். பக்கத்து சஃப்புக்காரங்களுக்கு இப்ப பழக்கமாயிருச்சு.

வேகமா சாப்பிட்டா வாந்தி வரும். தானா வர்ற வாந்தியில நோன்பு முறியாது. ஆனா வாய் நிறைய வந்தா ஹனஃபியில உளூ (தொழுகைக்கான சுத்தம்) முறியும், ஷாஃபியில முறியாது. நம்மூர்ல ரெண்டு மத்ஹபும் இருக்கறதால, நீங்க எதுன்னு பாத்துக்குங்க.

கஷ்டம் விருந்துலதான். வலீமா பந்தியில நாலு வாய் சாப்பிட்டுக் கையெடுத்தா, "என்ன பாய், கறி சரியில்லையா"ன்னு வீட்டுக்காரங்க மூஞ்சி வாடும். நான் வெளிப்படையாவே சொல்லிருவேன். மறைச்சு வச்சா ஒவ்வொரு பந்தியிலயும் போராட்டம்தான்.

இத்தனையும் சொல்லிட்டு ஒண்ணு சொல்லணும். நாற்காலியை விட்டுட்டு நெத்தியைத் தரையில வச்ச மொத ஸஜ்தாவுல நான் எந்திரிக்கவே இல்லை. இமாம் அல்லாஹு அக்பர் சொல்லி எந்திரிச்சுட்டாங்க, நான் அப்படியே கிடந்து அழுதேன். நோன்பு போயிரும் போயிரும்ங்கறீங்களே, உங்கண்ணன் ஸஜ்தாவை இழந்து வருசக்கணக்காச்சுன்னு தங்கச்சி எழுதியிருக்கே, அது யார் கண்ணுலயும் படலையா?

சென்னிமலை தறிக்காரன்:

ஐயா, படிச்சுட்டு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. டாக்டர் அனுபவம், ஐ.சி.யூ. வசதி பாத்துப் போங்கங்கறது மட்டும் இப்பவும் சொல்லுவேன்.

பள்ளப்பட்டிக்காரன்:

பெரியவர் சொன்னதுக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். இவ்வளவு வியாதி இருக்கற ஒருத்தருக்கு நான் குறுக்க நிக்கலை. 27.5லயே யோசிக்கலாம்னு நர்ஸ் சகோதரி எழுதினாங்களே, என் பயம் அங்கதான். இன்னைக்கு 47, நாளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு மெலிஞ்சு தெரியணும்னு அதே கத்தியை எடுப்பாங்க. அப்ப இதே ஆதாரத்தை நீட்டுவாங்க. அந்தக் கதவை நான் திறந்து விட மாட்டேன்.

கரும்புக்கடை நர்ஸ்:

நடைமுறையில அந்த 27.5ஐ மட்டும் வச்சு ஆபரேஷன் பண்றதில்லை பாய், சர்க்கரை மாதிரி வியாதியையும் சேர்த்துத்தான் பாப்பாங்க. கல்யாணத்துக்காக வர்றவங்களைத் திருப்பி அனுப்பணும்ங்கறதுல நானும் உங்க பக்கம்தான். அதுவும் பொம்பளைப் பிள்ளைங்க ஆபரேஷனுக்கு அப்புறம் 12 முதல் 18 மாசம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. புதுசா நிக்காஹ் ஆன வீட்டுல இதை யார் எடுத்துச் சொல்லுவா?

கனிமார்க்கெட் தங்கச்சி:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். பெரியவர் எழுதினதை அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஸஜ்தா பத்தி வந்த இடத்துல "திரும்பப் படி"ன்னாங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு மாமாவையும் கூட்டிட்டு ஹஜ்ரத்தைப் பாக்கப் போறோம், அதுக்கப்புறம் டாக்டர். நர்ஸ் அக்கா, அந்த ரெண்டு ஊசிப் பேரையும் தமிழ்லயே பெருசா ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டேன். அண்ணனுக்கு சிறுநீரகத்துல கொஞ்சம் புரதம் போகுதுன்னு போன மாசம் டெஸ்ட்டுல வந்ததுங்க, அதையும் சொல்லணுமா?

கரும்புக்கடை நர்ஸ்:

அதைத்தான் மொதல்ல சொல்லணும் தங்கம். சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க. முழங்கால் வலிக்கு இப்ப என்ன மாத்திரை போடறாங்கன்னும் கேட்டு எழுதி வைங்க. ப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரை சிறுநீரகத்துக்கும் ஆகாது, பைபாஸுக்கு அப்புறம் குடல்ல புண்ணும் வரவழைக்கும்.