தடம், ஒற்று, கண்காணிப்பு: ஓரியண்டீரிங்கில் செயற்கைக்கோள் சாட்சிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்,

ஓரியண்டீரிங் போட்டிகளில் (வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, ஆங்காங்கே நட்ட கொடிகளைத் தேடி ஓடும் விளையாட்டு) வீரர் உடலில் ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கட்டிவிட்டு, அவர் எந்த வழியாகப் போனார், விதியை மீறினாரா என்று பார்க்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை ஐந்தாறு சொற்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். வீரராக ஓடியும் நடுவராக நின்றும் பழகியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'கண்காணிப்பு'. அதிகம் பேர் ஆதரித்த சொல் இதுதான். எனக்கு இது வேண்டாம். கண்காணிப்பு என்றால் ஒருவர் உட்கார்ந்து இன்னொருவரை அந்தந்த நொடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கப்படுபவர் மேல் ஏற்கெனவே சந்தேகம் இருக்கிறது என்று பொருள்படும். நடப்பது அதுவல்ல. பெரிய போட்டிகளில் பார்வையாளருக்காக நேரலையில் புள்ளிகள் நகர்வதைக் காட்டுகிறார்கள், அது உண்டு. ஆனால் விதிமீறல் பற்றிய முடிவு பெரும்பாலும் ஓட்டம் முடிந்து, யாராவது புகார் சொல்லி, பதிவான கோட்டை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் வருகிறது. கருவி கட்டிக்கொண்ட அத்தனை பேரும் கண்காணிக்கப்படுபவர்கள் என்று நாமே எழுதி வைப்பது அவர்களுக்கு நியாயமில்லை.

'விண்ணொற்று' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒற்று என்றால் வேவு. கண்காணிப்புக்கே தயங்கும்போது வேவுக்கு எப்படிச் சம்மதிப்பது?

அப்புறம் 'பின்தொடர்தல்'. அகராதியை மட்டும் பார்த்தால் சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் இந்த விளையாட்டில் பின்தொடர்தல் என்பதே ஒரு குற்றம்! தனிநபர் போட்டியில் வீரர்களை ஒரே நேரத்தில் விடாமல் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவதே ஒவ்வொருவரும் தன் வரைபடத்தைத் தானே படித்து ஓட வேண்டும் என்பதற்காகத்தான். முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடி, அவர் திறமையில் குளிர்காய்வதை விதிகள் தடை செய்கின்றன. இப்போது இந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "பின்தொடர்தல் மூலம் பின்தொடர்தல் கண்டுபிடிக்கப்பட்டது." எந்த நடுவரும் இதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியாது.

இந்தக் குற்றத்தைப் பிடிப்பதில்தான் செயற்கைக்கோள் பதிவு மிகவும் கைகொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஐந்தாறு கொடிகளுக்கு நடுவே ஒரே வழியில், ஒரே முப்பது மீட்டர் இடைவெளியில், ஒருவர் தவறினால் இன்னொருவரும் அதே இடத்தில் தவறி ஓடியிருந்தால், இரண்டு கோடுகளையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்த உடனே தெரிந்துவிடும். முன்பு காட்டுக்குள் நின்ற யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. ஆனாலும் பின்னால் வந்தவர் தன் வரைபடத்தைப் படித்துக்கொண்டே வந்தாரா இல்லையா என்பதைக் கோடு சொல்லாது. அதை மனிதர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'தடமறிதல்' பற்றி: நோய்த்தொற்று காலத்தில் 'தொடர்புத் தடமறிதல்' என்று நாளிதழ்களில் தினமும் படித்தோம். அது தெரியாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது. இங்கே தடம் தொலையவில்லை, தேட வேண்டியதும் இல்லை, கருவி தானாகவே எழுதி வைத்துவிடுகிறது. ஆகவே செய்வது அறிதல் அல்ல, பதிதல்.

'தடயம்' சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. தடத்தோடு சேர்ந்து ஒலிக்கும் நல்ல சொல், ஆனால் காவல்துறையும் தடயவியலும் அதை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன. குறுக்கு வழியில் ஒரு பூப்பாத்தியை மிதித்தவருக்கு அது அதிகம்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் 'தடம்' திரும்பத் திரும்ப வருவது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். தமிழில் வழி என்பது முன்னால் கிடப்பது, போக வேண்டியது. தடம் என்பது போனபின் விழுவது. (வழித்தடம், வண்டித்தடம் எல்லாம் இருக்கின்றன, தெரியும். ஆனால் வண்டித்தடமும் வண்டிகள் போய்ப் போய் விழுந்ததுதான்.) இந்த வேறுபாடு இந்த விளையாட்டுக்கு உயிர்நாடி. சர்வதேச ஓரியண்டீரிங் கூட்டமைப்பின் விதிப்படி, ஓடும்போது வழி கண்டுபிடிக்க உதவியாக வைத்துக்கொள்ளக் கூடியவை போட்டி நடத்துபவர் தரும் வரைபடம், கொடி விவரக் குறிப்பு, அப்புறம் ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டலாம், ஆனால் அதில் வரைபடம் தெரியக் கூடாது, வழி தேட அதைப் பயன்படுத்தவும் கூடாது. அதே சமயம் நடத்துபவர் விரும்பினால் வீரர்களைப் பதிவுக் கருவி அணியச் சொல்லலாம். ஆக, வானத்திலிருந்து வரும் அதே அலை வழிகாட்டினால் குற்றம், தடம் பதிந்தால் சாட்சி. வழி, தடம் என்ற இரண்டு சொற்களுமே நம்மிடம் தயாராக இருக்கும்போது ஏன் வேறு எங்கோ தேட வேண்டும்?

எனவே கருவி செய்யும் வேலைக்கு என் சொல் தடப்பதிவு. கருவி தடப்பதிவி.

'ஜி.பி.எஸ். தடப்பதிவு' என்று முன்னொட்டு வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் அமைப்பு ஒன்றின் பெயர் மட்டும். இன்றைய கடிகாரங்கள் பல ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய அமைப்புகளிலிருந்தும் அலை வாங்குகின்றன. விளக்கம் தேவைப்படும் இடத்தில் செயற்கைக்கோள் என்றோ, இலங்கை நண்பர்கள் எழுதுவதுபோல் செய்மதி என்றோ ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம்.

இனிதான் சிக்கலான பகுதி. பதிவது ஒரு வேலை, பதிந்ததை வைத்துத் தீர்ப்பு சொல்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஸ்பிரிண்ட் போட்டியில் நடுவர் குழுவில் இருந்தேன். கட்டடங்களுக்கு நடுவே, குறுகிய சந்துகளில் ஓடும் வகை. ஸ்பிரிண்ட் வரைபடத்தில் தடித்த கறுப்புக் கோடாகப் போட்ட சுவரைத் தாண்டக் கூடாது. உண்மையில் தாண்ட முடியுமா முடியாதா என்பது பேச்சே இல்லை, கோடு இருந்தால் தாண்டக் கூடாது. ஒரு பையனின் தடம் அப்படி ஒரு சுவரைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது. "கண்காணிப்பில் பிடிபட்டுவிட்டான்" என்று ஒருவர் சொன்னதும் அறை முழுக்க முடிவு செய்துவிட்டது. பையன் அழுதுகொண்டே சுற்றித்தான் வந்தேன் என்றான். நான் அதே கோட்டில் இன்னும் நூறு மீட்டர் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே அது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உள்ளே ஓடியது! யாரும் சுவருக்குள் புகுந்து ஓட முடியாது. கோடு ஏழெட்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் நகர்கிறது? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன, அலை வந்துசேரும் நேரத்தை வைத்துத்தான் கருவி தூரம் கணக்கிடுகிறது. அலை நேராக வராமல் ஒரு சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் தாமதம். விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தாமதம் 30 செ.மீ. பிழை. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை சாதாரணம், சந்திலும் அடர்ந்த மரத்தடியிலும் இன்னும் கூடும். 1:4000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 2 மீட்டர். அதைவிடப் பெரிய பிழை உள்ள கருவியை வைத்து அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் கால் வைத்தான் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, கருவி மூன்று விநாடிக்கு ஒரு புள்ளி எழுதினால், விநாடிக்கு 4 மீட்டர் ஓடுகிறவனுக்குப் புள்ளிகளுக்கு நடுவே 12 மீட்டர் ஓட்டம். நடுவில் அவன் ஒரு மூலையைச் சுற்றி வந்திருந்தாலும் திரையில் நேர்கோடுதான் தெரியும்.

கடைசியில் அவனைக் காப்பாற்றியது இடைநேரம். ஒவ்வொரு கொடியிலும் மின்னணு அட்டை பதிவு செய்யும் நேரத்தை எடுத்துப் பார்த்தோம். சுவரைத் தாண்டியிருந்தால் அந்தப் பகுதியில் நேரம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். சுற்றிப் போன மற்றவர்களின் நேரத்தோடு அவன் நேரம் ஒத்துப்போனது. தகுதிநீக்கம் கைவிடப்பட்டது.

அதற்காகத் தடத்தை நம்பவே கூடாது என்றும் சொல்லவில்லை. நுழையக் கூடாது என்று ஊதாக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போட்ட பகுதிக்குள் எண்பது மீட்டர் உள்ளே ஒரு தடம் போய், மறுபக்கம் வெளியே வந்தால் அதில் பேச ஒன்றுமில்லை. ஒருவர் நுழைந்திருக்கிறார். அங்கே பிழையின் அளவைவிட மீறலின் அளவு பல மடங்கு பெரிது.

அதனால்தான் இரண்டாவது வேலைக்குத் தனிச்சொல் வேண்டும் என்கிறேன். முதலில் 'தடத்தணிக்கை' என்று நினைத்தேன். கணக்குத் தணிக்கை போல, நடந்து முடிந்ததை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற பொருள் கச்சிதமாக இருந்தது. ஆனால் இலங்கையில் அந்த வேலைக்குக் கணக்காய்வு என்றுதான் பெயர், தணிக்கை என்றால் எழுதியதை வெட்டுவதுதான் நினைவுக்கு வரும். இங்கேயும் படத் தணிக்கை அந்த நிழலைப் போட்டுவிட்டது. ஆகவே விட்டுவிட்டேன். தடச்சரிபார்ப்பு போதும். கொஞ்சம் நீளம், ஆனால் சரியா என்று பார்ப்பது மட்டும்தான் அதில் இருக்கிறது, தவறு என்ற முன்முடிவு இல்லை. சரிபார்ப்பில் தேறிய தடத்தை மட்டும் தடச்சான்று என்போம். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"எல்லா வீரர்களும் தடப்பதிவி அணிய வேண்டும். புகார் எழுந்தால் நடுவர் குழு தடச்சரிபார்ப்பு நடத்தும். இடைநேரமோ நேரில் கண்டவர் சொல்லோ துணை நின்றால் மட்டுமே அது தடச்சான்றாக ஏற்கப்படும்."

வாய்விட்டுப் படித்தேன், தடுக்கவில்லை. கடைசி வாக்கியம் என் சொந்த ஆசை, விதிப்புத்தகத்தில் உள்ளது அல்ல. எண்பது மீட்டர் உள்ளே போன தடத்துக்கு அந்தத் துணை தேவையா என்பதையும் பேசலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. அந்தப் பையனின் கோடு கட்டடத்துக்குள் போனதே, அந்த நகர்வுக்கு என்ன பெயர்? 'தடவிலகல்' என்றால் வீரர் விலகினார் என்று படிக்கிறார்கள், 'தடம்புரளல்' ரயிலுக்குப் போய்விட்டது. தவறு கருவியுடையது, ஓடியவருடையது அல்ல என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'பதிவுப்பிசகு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.