எல்.டி.என். என்பதற்குத் தமிழ்? வியாழனுக்குள் வேண்டும்

லண்டன், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தென் லண்டனில் ஒரு கவுன்சில் தன் கருத்துக்கேட்புத் தாளைத் தமிழில் கேட்டிருக்கிறது. வியாழன் மாலைக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே ஓரளவு முடித்துவிட்டேன், தலைப்பில்தான் நிற்கிறேன். 'லோ டிராஃபிக் நெய்பர்ஹுட்', சுருக்கமாக எல்.டி.என். பெரிய சாலை நெரிசலுக்குத் தப்பக் குடியிருப்புத் தெருக்களில் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும் வண்டிகளை, நடுவில் மரத்தொட்டியோ கேமராவோ வைத்து நிறுத்துவது. அங்கே வசிப்பவர் தன் வீட்டு வாசல் வரை காரில் போகலாம், கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும். 2020இல் கொரோனா நேரத்தில் அரசு பணம் கொடுத்ததும் லண்டனில் இவை நிறைய முளைத்தன. 'குறைபோக்குப் பகுதி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேண்டாம் அம்மா. நீங்கள் வினைத்தொகை என்று நினைத்து எழுதுகிறீர்கள், படிப்பவர் 'குறையைப் போக்கு' என்று ஏவலாகப் படிப்பார். மக்கள் குறை சொல்வதே அந்தத் தெருக்களைப் பற்றி என்றால் கேலியாகிவிடும். அருகுதல் என்றால் குறைதல். 'அருகுபோக்கு மறுகு' எப்படி? மறுகு சங்கப் பாட்டில் தெருவுக்கு வரும் சொல். 'வீதி' வடமொழி. எங்கள் ஊரில் ஆடி வீதி, மாசி வீதி என்று அது நிலைத்துவிட்டது, அது வேறு வருத்தம்.

ஹாரோ (லண்டன்):
ஐயா, மறுகு என்று போட்டால் என் அம்மா மனம் மறுகுவதைத்தான் நினைப்பா. எனக்கும் இந்த விஷயத்தில் மனம் மறுகித்தான் கிடக்கிறது. போன மாதம் அம்மாவை வைத்தியசாலையில் இருந்து கூட்டி வந்த வழிக்கு ஒரு தண்டக் கடிதம். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கார், அதற்கு மேலே மோட்டார் சைக்கிள் பறக்கிற மாதிரி ஒரு படம். மோட்டார் வாகனம் வரக்கூடாது என்று அர்த்தமாம். யாருக்கு விளங்கும்? 160 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 80. எங்கட ஆட்கள் இதைத் 'தெருமூடல்' என்றுதான் சொல்கிறார்கள். அதையே போடுங்கோ.

லண்டன், மொழிபெயர்ப்பாளர்:
அண்ணா, அது எதிர்ப்பவர்களின் சொல். தெரு மூடப்படவில்லை. ஆதரிப்பவர்களின் சொல்லைப் போட்டாலும் இதே தொல்லைதான். இஸ்லிங்டன் கவுன்சில் 'மக்களுக்கு இணக்கமான தெருக்கள்' என்று பெயர் வைத்தது, அதை எதிர்ப்பவன் மக்களுக்கே எதிரி என்பது போல. நான் செய்வது கருத்துக்கேட்புத் தாள். 2025 மே மாதம் மேற்கு டல்விச் எல்.டி.என். சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியிருப்பாளர்கள் கொடுத்த 53 பக்க அறிக்கையை லாம்பெத் கவுன்சில் கணக்கில் எடுக்கவில்லை என்பது காரணம். கருத்துக்கேட்பைத் துருவிப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். சாயாத சொல் வேண்டும்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கக் குழு:
ஆங்கிலப் பெயரே சாய்ந்ததுதான் அக்கா. 'போக்குவரத்து குறைந்த' என்பது திட்டம் தரும் வாக்குறுதி. குறைந்ததா, பக்கத்துப் பெரிய சாலையில் போய்ச் சேர்ந்ததா என்பதில்தானே சண்டையே? தென் லண்டன் ஸ்ட்ரெத்தம் வெல்ஸில் இப்படி ஒரு திட்டத்தை 2024 மார்ச்சில் கைவிட்டதுகூடப் பெரிய சாலையில் பேருந்துகள் நகராமல் நின்றதால்தான். பலனை விடுங்கள், செய்வதை மட்டும் சொல்லுங்கள். ஊடே போவதைத் தடுக்கிறார்கள், எனவே 'ஊடுபோக்குத் தடைப் பகுதி'.

காஞ்சிபுரம்:
ஊடு அருமையான சொல். நெசவில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடு. பெரிய சாலைகளுக்குப் 'பாவுச்சாலை' என்றே பெயரிடலாம், நெரிசல் எல்லைச் சாலைக்குத் தள்ளப்படுகிறது என்று எதிர்ப்பாளர்கள் பேசும் பிரச்சினையும் ஒரு சொல்லில் அடங்கிவிடும். தலைவன் தலைவிக்கு இடையே வரும் ஊடலும் இதே வேர்தான் என்பது என் நெடுநாள் கருத்து.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வன்மையாக மறுக்கிறேன். சினந்து ஒதுங்கும் ஊடுதல் வேறு, நடுவைக் குறிக்கும் ஊடு வேறு. ஒலி ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்றாகிவிடாது. விரிவாகத் தனி மடல் இடுகிறேன்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கக் குழு:
ஐயா, இருவரும் தனி இழையில் தொடருங்களேன். இன்று செவ்வாய்.

யாழ்ப்பாணம்:
'ஊடாக' எங்களுக்கு அன்றாடச் சொல். லண்டனில் இந்தத் தாளை வாசிக்கப் போவதும் கூடுதலாக எங்கட சனம்தான், ஊடுபோக்கு விளங்கும். ஆனால் 'தடைப் பகுதி' வேண்டாம். தடை, சோதனைச் சாவடி, உயர் பாதுகாப்பு வலயம் எல்லாம் கண்டு போன ஆட்கள். தலைப்பைப் பார்த்ததுமே தங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று எண்ணிக்கொள்வார்கள். 'ஊடுபோக்கற்ற தெருக்கள்' என்று பாருங்கள்.

ஹாரோ:
பெயரை மாற்றினால் கோபம் போயிடுமோ? லண்டனிலேயே ஈலிங்கில் 2021இல் அநேகமான எல்.டி.என்.களைக் கழற்றினார்கள். டவர் ஹாம்லெட்ஸில் தெருக்களைத் திரும்பத் திறப்பேன் என்ற லுட்ஃபூர் ரஹ்மான் 2022இல் மேயராக வந்தார். வால்தம்ஸ்டோவில் இதை எதிர்த்து 2015இலேயே சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனவர்கள்.

லண்டன், மொழிபெயர்ப்பாளர்:
வால்தம்ஸ்டோ திட்டம் இன்னும் இருக்கிறதே அண்ணா. சரி, அதை விடுங்கள். கட்ட வேண்டிய பணத்துக்கு என்ன சொல்? 'அபராதம்' போட்டால் குற்றம் செய்தது போல இருக்கிறது. இது கவுன்சில் விதிப்பது, குற்றவழக்கு இல்லை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒறுப்புக் கட்டணம்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கக் குழு:
யாருக்கும் புரியாது ஐயா. 'தண்டம்' என்றாலும் இங்கே வெட்டிச்செலவு என்று பொருளாகிவிடும்.

ஹாரோ:
அப்ப அதுதான் சரி.

லண்டன், மொழிபெயர்ப்பாளர்:
தாளை அனுப்பிவிட்டேன். தலைப்பில் எல்.டி.என்., அதன் கீழே சிறிய எழுத்தில் 'ஊடுபோக்கற்ற தெருக்கள்', உள்ளே 'தண்டக் கட்டணம்'. பெரும்பான்மை முடிவு என்று சொல்லமாட்டேன், நேற்றிரவுக்குப் பிறகு யாரும் எழுதவில்லை. நன்றி.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊடல் பற்றிய மடல் நீண்டுவிட்டது. 'அற்ற' என்றால் அறவே இல்லை என்று பொருள். கேமரா வைத்த இடத்தில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் ஊடே போகலாம் அல்லவா? அப்படியானால் 'ஊடுபோக்கற்ற' பொருந்தாது. அடுத்த பதிப்பிலாவது 'அருகிய' என்று திருத்துங்கள்.